போலீஸ் சொன்னால் போதுமா? அதிவேக வழக்கை எதிர்த்து வாதாடுவது பற்றிய கேள்விகள்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வேலை செய்யும் வக்கீல் நான். கால்டாக்சி, மினி லாரி, டிராவல்ஸ் வேன் ஓட்டுகிறவர்கள் அதிவேக வழக்கோடு என்னிடம் வருகிறார்கள். கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பிரிவு எண்கள், தனியாகக் குறிப்பிடாத இடங்களில், 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தைச் சேர்ந்தவை.

“இவர் வேகமாக வந்தார்” என்று ஒரு எஸ்.ஐ. சாட்சி சொன்னாலே என்னைத் தண்டித்துவிடுவார்களா?

முடியாது. கண்ணால் பார்த்த மதிப்பீட்டைத் தவிர அவரிடம் வேறு எதுவும் இல்லையென்றால், சட்டமே அதைத் தடுக்கிறது. பிரிவு 183-இன் மூன்றாவது உட்பிரிவைப் படியுங்கள். வண்டி வேக வரம்பைத் தாண்டி ஓடியது என்பது ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயமாக மட்டும் இருந்தால், அதை வைத்துத் தண்டிக்கக் கூடாது. இயந்திரக் கருவியோ மின்னணுக் கருவியோ கொண்டு அளந்த அளவின்மேல் அந்த அபிப்பிராயம் நிற்கிறது என்று காட்டினால் மட்டுமே தண்டிக்கலாம்.

இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது பலருக்குத் தெரியவில்லை. நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி வேறு: ஒரு விஷயத்தை நிரூபிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கணக்கு எதுவும் கிடையாது. கொலை வழக்கில்கூட நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும். அப்படிப்பட்ட சட்டம், வேகம் என்று வரும்போது மட்டும் நிறுத்தி, ஒரு ஆளின் கண்ணை நம்பித் தண்டிக்காதே என்கிறது. அந்தச் சாட்சி போலீஸ்காரர் என்பதற்காக அவர் பேச்சைத் தள்ளிவிடவும் முடியாது, அதற்காகவே கூடுதல் எடை கொடுக்கவும் முடியாது. மற்ற எந்தச் சாட்சியையும் போலத்தான் அவரும்.

வேகத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தனி விதி?

காரணம் எளிது: கண்ணுக்கு வேகத்தை அளக்கத் தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நூறு மீட்டரைக் கடக்க 6 நொடி ஆகும். 80-இல் போனால் நாலரை நொடி. இடைவெளி ஒன்றரை நொடிதான். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அளந்து அரை நொடி பிசகினால் என்ன ஆகும்? 80-இல் போன வண்டி ஒரு பக்கம் 72 ஆகத் தெரியும், மறுபக்கம் 90 ஆகத் தெரியும். கடிகாரமும் இல்லாமல் வெறும் பார்வை என்றால் எவ்வளவு பிசகும் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய வண்டி மெதுவாகப் போவதுபோலவும், சத்தம் போடும் பைக் பறப்பதுபோலவும் தோன்றும்.

இது மிகப் பழைய கவலை. பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்திலேயே, ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்து வேகக் குற்றத்தில் தண்டிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அங்கே அப்போது கான்ஸ்டபிள்கள் வேலிப் புதருக்குப் பின்னால் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்த காலம். நம் சட்டத்திலும் அதே எண்ணம் வந்து சேர்ந்தது. 1988 சட்டத்தில் ‘இயந்திரக் கருவி’ என்று மட்டும் இருந்தது. 2019 திருத்தத்தில் ‘மின்னணுக் கருவி’யும் சேர்ந்தது.

இரண்டு போலீஸ்காரர்கள் சேர்ந்து சொன்னால்?

அப்போது 183(3) தானாக உங்களைக் காப்பாற்றாது. விதி தடுப்பது ஒரே சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும்தான். ஆனால் இருவரும் உண்மையிலேயே தனித்தனியாகப் பார்த்தார்களா என்பது முக்கியம். ஒரே ஜீப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு, ஒருவர் “எண்பது இருக்கும்” என்று சொல்ல, மற்றவர் “ஆமாம்” என்று சொல்லியிருந்தால், அது ஒரே அபிப்பிராயத்தை இரண்டு வாய் சொல்வதுதான். குறுக்கு விசாரணையில் இருவரையும் தனித்தனியாகக் கேட்டு இதை வெளியே கொண்டுவரலாம்.

ஸ்பீடு கன்னில் பதிவான வேகத்தைக் காட்டுகிறார்களே. அப்போது எதிர்த்து வாதாட இடம் உண்டா?

உண்டு. ஆனால் இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது.

கருவி இரண்டு வகை. ரேடார் கன் ரேடியோ அலையை அனுப்புகிறது, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை வைத்து வேகம் கணக்கிடுகிறது. அதன் கற்றை தூரம் போகப் போக விரியும். ஒரே நேரத்தில் மூன்று வண்டிகள் வந்தால், கருவி காட்டிய எண் உங்கள் வண்டியுடையதா, பின்னால் வந்த பெரிய லாரியுடையதா என்ற கேள்வி வருகிறது. லேசர் கன்னின் கற்றை மிகக் குறுகல். அது ஒரு வண்டியைத் தனியாகக் குறிபார்க்கும். ஆனால் கையில் பிடித்து இயக்கும்போது கை ஆடி, கற்றை வண்டியின் மேல் நகர்ந்தால் அளவு பிசகலாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். “கருவியைக் கோணலாகப் பிடித்தார், அதனால் என் வேகம் தப்பு” என்று வாதாட வேண்டாம். பக்கவாட்டுக் கோணத்தில் அளந்தால் கருவி நிஜ வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்தப் பிழை உங்களுக்குச் சாதகமானது. இதைச் சொல்லி வாதாடினால், அப்படியானால் இன்னும் வேகமாக வந்தீர்களா என்று கேட்டுவிடுவார்கள்.

வாதாடத் தகுந்த இடங்கள் வேறு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்த்த 167ஏ விதி, மின்னணுக் கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்றும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கண்காணிப்பு நடக்கும் இடத்துக்கு முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்க வேண்டும். சலானோடு நம்பர் பிளேட் தெரியும் படம், கருவி காட்டிய அளவு, தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்க வேண்டும். ரேடார் கருவிகளைப் பொறுத்தவரை, 2025 ஜூலை 1 முதல் சட்டமுறை எடையளவு விதிகளும் வந்துவிட்டன. காய்கறிக் கடைத் தராசுக்கு முத்திரை கேட்பதுபோல ரேடாருக்கும் சரிபார்ப்பு முத்திரை கேட்கலாம்.

அப்புறம் மின்னணுச் சான்று. படமும் அச்சிட்ட சீட்டும் கணினி வழியாக வந்த நகல்கள். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி, இப்போதைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 63. அதன்படி உரிய சான்றிதழ் இல்லாமல் அந்த நகலைச் சாட்சியமாக ஏற்க முடியாது. 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் சான்றிதழுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்றில் சான்றைத் தாக்கல் செய்பவர் கையெழுத்திட வேண்டும், மற்றதில் நிபுணர். சின்ன வழக்குதானே என்று இதை விட்டுவிட்டு வருகிறார்கள். எதிர்த்து யாரும் கேட்பதில்லை என்பதுதான் காரணம்.

குறுக்கு விசாரணையில் அதிகாரியிடம் என்ன கேட்பது?

முதலில் மரியாதை. அவரைப் பொய்யர் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் நேர்மையானவர், ஆனால் அவரிடம் அளவு இல்லை என்று காட்டினால் போதும். கோபமாகக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு எதிரான பதிலைத் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்.

எங்கே நின்றீர்கள் ஐயா? வண்டியை முதலில் எவ்வளவு தூரத்தில் பார்த்தீர்கள்? எத்தனை நொடி பார்த்தீர்கள்? அப்போது சாலையில் வேறு என்ன வண்டிகள் போயின? இந்தக் கேள்விகளுக்கு அவர் சொல்லும் தூரத்தையும் நொடியையும் பெருக்கி வகுத்துப் பாருங்கள். சில சமயம் அவர் சொன்ன கணக்கே வேறொரு வேகத்தைக் கொடுக்கும். கணக்கை வாதத்தின்போது சொல்லுங்கள், கேள்வியின்போது சொல்லாதீர்கள். சொன்னால் அவர் திருத்திக்கொள்வார்.

அடுத்தது கருவி. வரிசை எண் என்ன? அன்று காலையில் சோதித்துப் பார்த்தீர்களா, அதற்குப் பதிவு இருக்கிறதா? இயக்கப் பயிற்சி எடுத்தீர்களா?

எல்லாவற்றையும்விட வலுவான கேள்வி, “கருவியைக் கையில் வைத்திருந்தது யார்?” என்பதுதான். புறவழிச் சாலைகளில் நடப்பது இப்படி: ஒருவர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்பீடு கன்னோடு நிற்பார். அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் வாக்கி டாக்கியில் “வெள்ளை கார், தொண்ணூத்தி ரெண்டு” என்று கேட்டு வண்டியை நிறுத்துவார். கோர்ட்டுக்கு வருவது நிறுத்தியவர் மட்டும். அளந்ததை அவர் பார்க்கவில்லை, காதால் கேட்டார். இடையில் எத்தனை வெள்ளை கார்கள் வந்தன என்று அவருக்குத் தெரியாது. அளந்தவரைச் சாட்சியாகக் கூப்பிடாமல் அந்தச் சங்கிலி முழுமையாகாது.

ஒரு எச்சரிக்கை: பதில் என்னவென்று தெரியாத கேள்வியை ஆசைப்பட்டுக் கேட்காதீர்கள். “நான்தான் ஓட்டினேன் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டு, “லைசென்ஸ் வாங்கிப் பார்த்தேன்” என்ற பதிலோடு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸ் பல வாரம் கழித்து வந்தது. செல்லுமா?

பிரிவு 209-ஐப் பாருங்கள். அதிவேகத்துக்கும் (183) ஆபத்தாக ஓட்டியதற்கும் (184) மட்டுமே உள்ள தனிப் பாதுகாப்பு இது. மூன்றில் ஒன்று நடந்திருந்தால்தான் தண்டிக்க முடியும். சம்பவ இடத்திலேயே வழக்குத் தொடரக்கூடும் என்று எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாட்களுக்குள் இடம், நேரம், குற்றம் குறிப்பிட்ட நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்பினாலும் சரி. அல்லது 28 நாட்களுக்குள் சம்மன் சார்வு ஆகியிருக்க வேண்டும், அதாவது முறைப்படி உங்களிடம் சேர்ந்திருக்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு: தகுந்த முயற்சி எடுத்தும் ஓட்டுநர், உரிமையாளர் பெயர் முகவரியை உரிய காலத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாலோ, தாமதத்துக்கு நீங்களே காரணம் என்றாலோ இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆர்.சி.யில் பழைய முகவரியையே வைத்துக்கொண்டு நோட்டீஸ் வரவில்லை என்று வாதாடினால் எடுபடாது.

இன்னொரு கெடுவும் உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்துக்கு, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க ஆறு மாதம்தான் காலவரம்பு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இரண்டு வருடப் பழைய சலானோடு வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தத் தேதியைத்தான்.

அந்த ரோட்டில் வேக வரம்பு எவ்வளவு என்றே எனக்குத் தெரியாது.

தெரியாது என்பது பதில் ஆகாது. ஆனால் தெரிவித்தார்களா என்பது நல்ல கேள்வி. பிரிவு 112-இன்படி ஒரு குறிப்பிட்ட பகுதிக்கென்று மாநில அரசு தனி வரம்பு வைத்தால், அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, தகுந்த இடத்தில் பலகையும் வைக்க வேண்டும். சம்பவ இடத்துக்குப் போய், நீங்கள் வந்த திசையிலிருந்து பலகை தெரிகிறதா, மரக்கிளை மறைக்கிறதா என்று அந்த வாரமே படம் எடுத்துவையுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் புதுப் பலகை நிற்கும்.

சென்னைக்காரர்களுக்கு 2023 நினைவிருக்கும். ஜூனில் நிலையான வேகக் கருவிகள் வைத்து, பகலில் 40 கிலோமீட்டருக்கு மேல் போனால் வழக்கு என்று ஆரம்பித்தபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகு வரம்பைத் திருத்தி, நவம்பர் முதல் கார்களுக்கு 60, கனரக வண்டிக்கும் இருசக்கரத்துக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதியில் எல்லாருக்கும் 30 என்று வைத்தார்கள். உங்கள் சம்பவத் தேதியில் எந்த வரம்பு அமலில் இருந்தது என்பதைச் சரிபாருங்கள்.

ஆயிரம் ரூபாய்தானே. கட்டிவிட்டுப் போனால் என்ன?

இலகு ரக வண்டிக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய். நடுத்தர, கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000. பணமாகப் பார்த்தால் வக்கீல் ஃபீஸ் அதைவிட அதிகம். சொந்த வேலைக்கு மட்டும் கார் ஓட்டுகிறவர், தப்பும் செய்திருந்தால், கட்டிவிடுவதே நல்லது என்று நானே சொல்லி அனுப்புகிறேன்.

ஓட்டுநர் தொழிலில் இருப்பவருக்கு விஷயம் வேறு. அபராதத்தோடு இது முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிவேகக் குற்றம் என்று நம்பினால் போலீஸ் அதிகாரி லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு, அதிவேகத்துக்கு லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறது. மூன்று மாதம் வண்டி ஓட்டாத கால்டாக்சிக்காரர் வீட்டில் டியூ கட்டுவது யார்? அதனால்தான் இந்தப் பதில்களை எழுதுகிறேன். ஆர்.டி.ஓ. நிறுத்திவைப்பதற்கு முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்று பிரிவு 19 சொல்கிறது. அந்த நோட்டீஸ் வந்தால் போகாமல் இருக்காதீர்கள், எழுத்தில் பதில் கொடுங்கள்.

வண்டி என் பேரில் இருக்கிறது, ஓட்டியது நான் இல்லை.

கேட்டால் ஓட்டியவர் விவரத்தைக் கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை, பிரிவு 133. மறைத்தால் அது தனிக் குற்றம். முதலாளியின் அவசரத்தால் ஓட்டுநர் மாட்டிக்கொள்ளும் வழக்குகளுக்கு இன்னொரு வழி உண்டு. வேலைக்காரரை வேகமாக ஓட்ட வைக்கும் முதலாளியும் 183-இன் கீழ் வருவார். வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத நேர அட்டவணை கொடுத்திருந்தால், அதுவே முதல் பார்வையில் அவருக்கு எதிரான சாட்சியம். “ஆறு மணிக்குள் சேரணும்” என்று வந்த வாட்ஸாப் செய்தியை அழிக்காதீர்கள்.

எதிர்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது?

பணம் கட்டாதீர்கள். ஆன்லைனில் கட்டினால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் வழக்கு இருந்தால், எதிர்த்து வாதாட விரும்புகிறேன் என்று தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது. தேர்ந்தெடுத்தால் வழக்கு உங்கள் எல்லைக்குட்பட்ட நடுவர் நீதிமன்றத்துக்குப் போகும். சலானில் ஆட்சேபணைக்குக் கெடு குறித்திருந்தால் அதைத் தாண்டவிடாதீர்கள்.

கோர்ட்டில் முதல் நாள் குற்றச்சாட்டின் விவரத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். கூட்டம் நெரியும், பெயர் கூப்பிட்ட வேகத்தில் “ஆமாம்” என்று தலையாட்டி அபராதம் கட்டிவிட்டு வெளியே வந்து அழுகிறவர்கள் உண்டு. “ஐயா, ஒப்புக்கொள்ளவில்லை, விசாரணை வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆவண நகல்கள் கேட்டு மனு கொடுங்கள். கருவியின் சான்றிதழைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நேரில் வர முடியாத ஓட்டுநர்கள், வக்கீல் மூலம் ஆஜராக அனுமதி கேட்டு மனுப் போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலேயே உள்ள இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போங்கள்.

என் பக்கத்திலிருந்து என்ன சான்று கொடுக்கலாம்?

நீங்கள் கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொன்னால் உங்களையும் குறுக்கு விசாரணை செய்வார்கள். டாக்சி, லாரி போன்ற வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சீலோடு இருந்தால், அதன் சான்றிதழ் நல்ல ஆவணம். 80-இல் பூட்டிய வண்டி 95-இல் எப்படிப் போகும் என்ற கேள்விக்கு அரசுத் தரப்பு பதில் சொல்லியாக வேண்டும். ஜி.பி.எஸ். பதிவும் டேஷ் கேமராவும் உதவும், ஆனால் உங்களுக்கும் அதே பிரிவு 63 சான்றிதழ் வேண்டும்.

சலான் இல்லை, எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்று எழுதியிருக்கிறது.

அந்த இரண்டு சொற்களும் நம் ஊர் எஃப்.ஐ.ஆர்.களில் அச்சடித்ததுபோல வரும். இங்கே தண்டனை கடுமையானது, வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு, 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கர்நாடக அரசு எதிர் சதீஷ் வழக்கு. லாரி கவிழ்ந்து பலர் இறந்த வழக்கு அது. அதிவேகம் என்பது ஒப்பீட்டுச் சொல், சாட்சிகள் தாங்கள் அதிவேகம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று தோராயமாகக்கூடச் சொல்லவில்லை, அதிவேகம் என்ற ஒன்றை வைத்தே அஜாக்கிரதை என்று முடிவுகட்ட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

நிஜமாகவே வேகமாகத்தான் போனேன். இருந்தாலும் வாதாடலாமா?

சான்று எங்கே என்று கேட்பது எல்லாருக்கும் உள்ள உரிமை, உங்களுக்கும் உண்டு. ஆனால் 60-இல்தான் போனேன் என்று பொய் சொல்ல என்னால் உதவ முடியாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் பத்துக்கு ஏழு சாவு அதிவேகத்தால் என்று அரசுக் கணக்கு சொல்கிறது. அந்தக் குடும்பங்களும் இதே கோர்ட் வராந்தாவில், அடுத்த பெஞ்சில், இழப்பீட்டு வழக்குக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாதாடியும் தண்டனை கொடுத்துவிட்டால்?

30 நாட்களுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நூறு ரூபாய்க்குள் (சுருக்க விசாரணை என்றால் இருநூறு ரூபாய்க்குள்) உள்ள சில்லறை அபராதத்துக்குத்தான் மேல்முறையீடு இல்லை. ஆனால் முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால், அபராதம் அதிகம், அல்லது சட்டப்படி தவறு என்று மட்டுமே கேட்க முடியும். குற்றமே செய்யவில்லை என்ற வாதத்தை அப்போது எடுக்க முடியாது.